லென்ஸில் பட்ட எண்ணெய்

பேரருவிக்கு எதிரே முக்காலி நின்றது. முக்காலியின் மேல் காமிரா. காமிராவின் முகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு லென்ஸ். அந்த லென்ஸின் முன்கண்ணாடியை நெல்லையப்ப மாமா தம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

குளிக்க வந்தவர் அவர். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். குற்றாலத்தில் அதுதான் முறை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, நன்றாக ஊறிய பிறகே அருவிக்குள் தலையைக் கொடுப்போம். அவர் கையிலிருந்த துவர்த்து (செங்கோட்டைப் பக்கத்தில் துண்டை அப்படித்தான் சொல்வோம்) மஞ்சள் பூத்து, பிழிந்தால் ஒரு கரண்டி எண்ணெய் தேறும் நிலையில் இருந்தது.

கோயில் வாகனத்தின் வெள்ளிக் கவசத்தைத் துடைப்பதுபோல வட்டவட்டமாக, ஆசையாகத் துடைத்தார்.

அவர் மகன் கோமதிநாயகம் சற்றுத் தள்ளிக் கல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை ஒரு கறுப்புப் பைக்குள் இருந்தன. வெளிச்சம் புகாத அந்தப் பைக்குள் அவன் பிலிம் சுருளை மாற்றிக்கொண்டிருந்தான். கையை வெளியே எடுத்தால் பிலிம் பாழ். எடுக்காவிட்டால் லென்ஸ் பாழ்.

"அய்யா, கையை எடுங்க! தொடாதிய!" என்று கத்தினான்.

அருவி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மகன் தம்மைப் பாராட்டுகிறான் என்று மாமா நினைத்தார். தலையை ஆட்டிவிட்டு இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"சாரல் விழுந்து கெடக்குலே! நீ ஒன் சோலியைப் பாரு. இதை நான் பாத்துக்கிடுதேன்!"

லென்ஸுக்குத் துணை

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது. எந்த வருடம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் தென்காசி நிருபர். சீசன் மாதங்களில் நான் அனுப்பும் செய்திகளில் பாதி, குற்றாலத்தில் சாரல் விழுந்தது என்பதாகவும், மீதிப் பாதி விழவில்லை என்பதாகவும் இருக்கும்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு டெலிவிஷன் நிறுவனத்தார் நம் நாட்டு அருவிகளைப் படம் எடுக்க வந்திருந்தார்கள். தென்காசியில் யாரும் டெலிவிஷன் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. வந்தவர்கள் இரண்டே பேர்: உயரமான ஒரு தயாரிப்பாளர், தாடி வைத்த ஒரு காமிராக்காரர். அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்ததால் நான் கூடப் போனேன்.

காமிரா அவர்களுடையது. லென்ஸ் மட்டும் சென்னையில் ஒரு கம்பெனியில் வாடகைக்கு எடுத்தது. பிரான்ஸில் செய்த ஜூம் லென்ஸ். சினிமாத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அத்தகைய லென்ஸைத் தனியே அனுப்ப மாட்டார்கள். கம்பெனி ஆள் ஒருவன் கூடவே வருவான். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வான். படப்பிடிப்பில் அதை மாட்டுவதும் கழற்றுவதும் துடைப்பதும் அவன்தான். இயக்குநரே ஆனாலும் அவனைக் கேட்காமல் தொட முடியாது.

அப்படி வந்த ஆள்தான் கோமதிநாயகம். வந்தவர்கள் இரண்டே பேர் என்பதால் பிலிம் மாற்றும் வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். கீழப்பாவூரில் நெல் விளைகிற நல்ல வயல்கள் உள்ள குடும்பம். அவற்றை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். பல வருடங்கள் அந்தக் கம்பெனியில் பெட்டி தூக்கினான், அலமாரி துடைத்தான். அந்த ஜூம் லென்ஸை அவனை நம்பித் தனியாக அனுப்பியது இதுதான் முதல் தடவை.

ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. "நெல்லையப்பன் மவன் மெட்ராஸ்ல கண்ணாடி தொடைக்கான்" என்பார்கள். இதை ஆரம்பித்து வைத்தவர் சங்கரபாண்டி. மாமாவின் சித்தப்பா மகன். கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் மகன் குற்றாலத்துக்கு லென்ஸோடு வருகிறான் என்று கேள்விப்பட்டதும், மாமா சங்கரபாண்டியையும் இன்னும் நாலைந்து உறவுக்காரர்களையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தார். காலையிலிருந்து அருவிக்கரையில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

"அண்ணாச்சி, அங்கன இருக்குல்லா, கறுப்பா, குழாய் மாதிரி? பாவூர்ல நமக்கு இருக்க வயலை அப்படியே எழுதிக் குடுத்தாலும் அது வராது. அதை எம் மவன் கையிலதான் குடுத்து வச்சிருக்கான்."

"அப்படி என்ன இருக்கு அதுல?" என்று அவர்கள் கேட்பார்கள்.

மாமா உடனே துண்டை உதறிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்

கோமதி கத்துவதைத் தயாரிப்பாளரும் தாடிக்காரரும் நானும் படிக்கட்டிலிருந்து பார்த்தோம். ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

கோமதி கையை உடனே உருவவில்லை. பைக்குள்ளேயே பிலிம் டப்பாவை மூடி, நாடா ஒட்டி, விரலால் தடவிச் சரிபார்த்து, அதன் பிறகுதான் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. கைகள் அவசரப்படவில்லை. எத்தனையோ பத்திரிகை அலுவலகங்களில், தலைக்கு மேல் நெருக்கடி வந்த வேளைகளில், நான் அந்த நிதானத்தைத் தேடியிருக்கிறேன்.

"யார் இதைத் தொட்டது?" என்று தயாரிப்பாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"லென்ஸ் என் பொறுப்பு" என்றான் கோமதி, அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மாமா என் தோளைத் தட்டினார். "தொரை என்ன கேக்காரு?"

"யாரு தொடைச்சதுன்னு கேக்காரு, மாமா."

"நான்தான்னு சொல்லு."

"சொல்லாதலே" என்றான் கோமதி என்னைப் பார்த்து.

"சொல்லுலே! நான் என்ன களவாணியா, ஒளிஞ்சு நிக்கதுக்கு? தொடைச்சது நான். திட்டுனா என்னைத் திட்டச் சொல்லு."

இருவர் சொன்னதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். துடைத்தவர் இவர், இவர் அவனுடைய தகப்பனார், ஆனால் பொறுப்பு தன்னுடையது என்று அவன் சொல்கிறான். தயாரிப்பாளர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தாடிக்காரர் குனிந்து லென்ஸைப் பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடி முழுக்க எண்ணெய் வானவில்லாகப் படர்ந்திருந்தது. இதில் எடுத்தால் அருவி மூடுபனிக்குள் நிற்பதுபோலத் தெரியும் என்றார். துண்டில் மணல் இருந்திருந்தால் கண்ணாடியில் கீறலும் விழுந்திருக்கும். இங்கே எண்ணெயைத் துடைத்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை அவர்கள் கிளம்ப வேண்டும். எடுக்க வேண்டியது ஒரே ஒரு காட்சிதான். மலை உச்சியில் அருவி விழத் தொடங்கும் இடத்திலிருந்து, வெட்டே இல்லாமல், கீழே குளிக்கும் ஒரு மனிதனின் முகம்வரை நெருங்கி வரவேண்டும். சாதாரண லென்ஸால் அது முடியாது. அந்தக் காட்சிக்காகவே இந்த லென்ஸை எடுத்துவந்திருந்தார்கள்.

"விட்டுவிடலாம். மலையைத் தனியாகவும் முகத்தைத் தனியாகவும் எடுத்து ஒட்டிக்கொள்வோம்" என்றார் தயாரிப்பாளர்.

அப்படி விட்டுவிட்டால் கதை கோமதிக்கு முன்னால் சென்னைக்குப் போய்விடும். முதல் பயணத்திலேயே லென்ஸைக் காக்கத் தெரியாதவன் என்ற பெயர் விழும். பிறகு எந்த லென்ஸும் அவனோடு அனுப்பப்படாது. மறுபடியும் அலமாரிதான்.

"மத்தியானம்வரை நேரம் கொடுங்கள்" என்றான் கோமதி. தயாரிப்பாளர் தாடிக்காரரைப் பார்த்தார். தாடிக்காரர் தோளைக் குலுக்கினார். சரி என்று அதற்குப் பொருள்.

கத்தரிப்பூ நிறம்

சாரல் படாத பயணியர் விடுதி வராந்தாவுக்கு லென்ஸைக் கொண்டுபோனோம். சங்கரபாண்டி வகையறாவும் பின்னாலேயே வந்து சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்துவிட்டது.

கோமதி முதலில் கண்ணாடியைத் தொடவே இல்லை. ரப்பர் குமிழ் ஒன்றை அழுத்தி அழுத்திக் காற்றை ஊதினான். மணல் இருந்தால் அது முதலில் போகவேண்டும். பிறகு மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தான். தேய்க்கவில்லை, ஒற்றினான். ஒவ்வொரு தாளும் எண்ணெய் குடித்துக் கண்ணாடிபோல ஆயிற்று.

அப்புறம் ஒரு சிறு புட்டி. அதிலிருந்த திரவத்தைக் கண்ணாடியில் விடாமல் தாளில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பு. அந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டு அடுத்தது. ஒரு தாளால் இரண்டாம் முறை தொடவில்லை. விளிம்பில் இடுக்கு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடாதபடி லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்தே செய்தான்.

"பாத்தியளா, மெட்ராஸ்ல படிச்ச படிப்பை இங்கனயும் காட்டுதான்" என்றார் சங்கரபாண்டி. "கண்ணாடி தொடைக்கான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். கோமதி நிமிரவில்லை.

"வாயை மூடும்வே" என்றார் மாமா. "நான் தொடைச்சதை நீரும் பாத்தேரு. அவன் தொடைக்கதையும் பாரும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினார்கள். எண்ணெய் போனதும் கண்ணாடியில் ஒரு நிறம் திரும்பி வந்தது. சாய்த்துப் பிடித்தால் வெளிறிய கத்தரிப்பூ நிறம்.

"அதுதான் பூச்சு" என்றான் கோமதி, முதல் தடவையாக மூச்சை விட்டு. "அது போயிருந்தா எல்லாம் போச்சு."

அப்படி என்ன இருக்கு அதுல?

கண்ணாடி உலரவேண்டும். சும்மா இருந்தோம். அப்போதுதான் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். காலையிலிருந்து ஊரே கேட்ட கேள்வி.

கோமதி, மாமா பேப்பர் படிக்க வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கி என் பத்திரிகையின் மேல் பிடித்து, மெதுவாக உயர்த்தினான். எழுத்து பெரிதாயிற்று. இன்னும் உயர்த்தினான். மங்கிவிட்டது.

"பாரு, பெருசானா மங்குது. ஜூம் லென்ஸுல பெருசாகவும் செய்யணும், மங்கவும் கூடாது. அதுக்காவ உள்ள ஒரு கண்ணாடித் தொகுதி நகரும்போது, அந்த மங்கலைச் சரிக்கட்ட இன்னொரு தொகுதியும் நகரும். ரெண்டும் ஒரே வேகத்துல நகராது. ஒண்ணு நேராப் போகும், இன்னொண்ணு போயிட்டுத் திரும்பும். அதுக்குத் தக்கன குழாயில வளைச்சு வளைச்சுப் பள்ளம் வெட்டியிருக்கான். பள்ளம் மயிரிழை பிசகினாலும் படம் மங்கிரும்."

"உள்ள எத்தனை கண்ணாடி இருக்கு?" என்றார் மாமா.

"ஒரு டஜனுக்கு மேல இருக்கும், அய்யா."

"நான் தொடைச்சது?"

"மொதக் கண்ணாடி."

"நல்லவேளை, மத்ததெல்லாம் உள்ள இருக்கு" என்றார் மாமா. அப்போது கோமதியும் சிரித்துவிட்டான்.

அவன் சொன்னதை நான் பின்னாளில் பலரிடம் விசாரித்திருக்கிறேன். ஒன்றும் தவறில்லை. ஒவ்வொரு கண்ணாடியின் இரு பக்கங்களிலும் கொஞ்சம் வெளிச்சம் தெறித்து வீணாகும். ஒரு டஜன் கண்ணாடிகளில் அப்படி வீணானால் படமே வெளிறிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கத்தரிப்பூப் பூச்சு. கூர்மை நடுவில் மட்டும் இருந்தால் போதாது, மூலையிலும் வேண்டும். நெருங்கும்போது படம் இருட்டக் கூடாது. நேர்க்கோடு வளையக் கூடாது. அரைத்து, மெருகேற்றி, பொருத்தி, சோதித்து, தேறாததை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியதன் செலவும் தேறியதன் தலையில்தான் விழுகிறது.

"வாங்குறவன் எத்தனை பேரு?" என்றான் கோமதி. "சோப்பா இது, வீட்டுக்கு ஒண்ணு விக்க? உலகத்துல உள்ள நாலு டெலிவிஷன்காரனும் சினிமாக்காரனும் வாங்கணும். அதுலயும் டெலிவிஷன்காரன் நடக்கும்போதே காட்டுதான். மங்கிட்டுன்னா ‘மறுபடி ஓடு’ன்னு பந்தயக் குதிரையைக் கூப்பிட முடியுமா? தப்பே பண்ணாத கண்ணாடின்னா அதுக்கு ஒரு விலை இருக்குல்லா."

சமீபத்தில் ஆலங்குளம் பஸ் நிலையத்தில் நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைத் தொடரைப் படிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரைச் சந்தித்தேன். கிரிக்கெட் மைதானத்தில் டிரங்குப் பெட்டி அளவில் லென்ஸ் வைத்திருக்கிறார்களே, காமிராவைவிட அதற்கு விலை அதிகமாமே, ஏன் என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னதும் இதைத்தான். இன்று அதற்குள் மோட்டார் இருக்கிறது, மின்னணு இருக்கிறது. ஆனால் மைதானம் முழுவதையும் காட்டிவிட்டு ஒரே மூச்சில் பந்து வீசுபவனின் நெற்றி வியர்வைக்குப் போய், வழியில் ஒரு கணம்கூட மங்காமல் இருக்கவேண்டும் என்ற கட்டளை மாறவில்லை. விலை அந்தக் கட்டளைக்குத்தான்.

நகராமல் நிற்க ஒருவர்

மத்தியானம் தாடிக்காரர் லென்ஸை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு காமிராவில் மாட்டக் கோமதியிடமே கொடுத்தார். அவர் கொடுத்த நற்சான்று அதுதான்.

இப்போது வேறு சிக்கல். அருவியில் நிற்கத் தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்திருந்த சாமியார் சாப்பிடப் போய்விட்டார். வேறு யாரை நிறுத்துவது? முகத்துக்கு அவ்வளவு நெருங்கும்போது, நிற்பவர் அரை அடி முன்னே பின்னே அசைந்தாலும் படம் மங்கிவிடும். பேரருவியின் அடியில் அசையாமல் நிற்பது லேசான காரியமல்ல. தண்ணீர் முதுகில் உலக்கை போட்டதுபோல விழும்.

"எங்க அய்யா நிப்பாரு" என்றான் கோமதி.

நான் மொழிபெயர்த்தேன். தயாரிப்பாளர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார். எண்ணெய் மின்ன, முறுக்கு மீசையோடு நின்ற மாமாவைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"நகரக் கூடாது, மாமா" என்றேன். "தண்ணி கண்ணுல அடிக்கும். கண்ணை மூடிக்கிடலாம்னு தொரை சொல்லுதாரு."

"சரி சரி. வெரசா ஆரம்பிக்கச் சொல்லு."

கூட்டத்தை விலக்கி, குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளப் பாறையில் பதித்திருந்த கம்பியைப் பின்பக்கமாகப் பற்றிக்கொண்டு மாமா நின்றார். கோமதி முதலில் லென்ஸை முழுக்க நெருக்கமாகக் கொண்டுபோய் அவர் மீசையில் கூர்மை பார்த்தான். பிறகு காட்சியை மறுபடி அகல விரித்தான். மலை, பாறை, வெள்ளை வெளேரென்று தண்ணீர், கீழே எறும்பாக மனிதர்கள். மேகம் விலகி வெயில் விழுந்தது. காமிரா ஓடத் தொடங்கியது.

தாடிக்காரர் காமிராவை உச்சியிலிருந்து மெல்லக் கீழே சாய்த்தார். கோமதியின் விரல்கள் ஜூம் பிடியைத் தள்ளின. எங்கும் விரையாமல், எங்கும் நிற்காமல், ஒரே சீராக. அவன் மூச்சு விட்டதாக எனக்குத் தெரியவில்லை. சங்கரபாண்டியும் விடவில்லை.

"கட்" என்றார் தயாரிப்பாளர். முடிந்தது என்று கோமதி கையை உயர்த்திக் காட்டினான்.

மாமா நகரவில்லை. கண்ணுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்த் திரையில் கை உயர்ந்தது அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கல்லில் செதுக்கியவர்போல நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் சங்கரபாண்டி வேட்டியோடு அருவிக்குள் இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணாச்சி, முடிஞ்சுட்டு. வாங்க!"

"யாரு சொன்னா?"

"ஒங்க மவன்தான் சொன்னான். வாங்க!"

அப்புறம்தான் வந்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில்

பிலிம் கழுவுவதற்கு ஐரோப்பா போயிற்று. அன்று எடுத்தது தேறியதா என்று அருவிக்கரையில் யாராலும் சொல்ல முடியாது.

சென்னை திரும்பிய கோமதி, எண்ணெய் பட்ட கதையை முதலாளியிடம் அவனே சொல்லிவிட்டான். அவர் லென்ஸை இருட்டறைக்குக் கொண்டுபோய் டார்ச் விளக்கில் வெகுநேரம் பார்த்தாராம். வெளியே வந்து, "அடுத்தது தேக்கடி. நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றாராம். நான் அனுப்பிய செய்தியோ நாளிதழ் ஆசிரியர் மேசையில் சுருங்கி, குற்றாலத்தில் சாரல் என்ற வழக்கமான தலைப்பின் கீழ் நாலு வரியாக வந்தது. அதில் லென்ஸ் இல்லை.

அறுவடை முடிந்த சமயம் கோமதி ஊருக்கு வந்தான். அப்பாவும் மகனுமாகத் தென்காசியில் என் அறைக்கு வந்தார்கள். தயாரிப்பாளர் அந்தக் காட்சியின் பிரதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி அவனுக்கு அனுப்பியிருந்தார். விரல் அகலமுள்ள பிலிம்.

கோமதி கீழே காப்பி வாங்கப் போனான். நான் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காட்சியின் கடைசிப் பகுதி அது. மாமாவின் முகம். மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே தெரிந்தது. புருவத்தில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வழிவது தெரிந்தது. குறை கண்டுபிடிப்பது என் தொழில். எண்ணெயின் நிழல் எங்காவது தெரிகிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். இல்லை.

மாமா வாங்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிடலாம்னு சொன்னேன்லா, மாமா?" என்றேன். "இதுல தெறந்தே வச்சிருக்கிய. அந்தத் தண்ணியில எப்படி முடிஞ்சுது? காமிராவை அப்படி என்ன பாத்துக்கிட்டு நின்னிய?"

"காமிராவையா?" என்றார் மாமா, பிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை யாருலே பாத்தா? அதுக்குப் பின்னால அவன்லா நின்னான்."